பேப்பர் மேலே போயிருக்கு

தேரா, துபாய்
27-10-2024

யேசு மாப்ளே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசில்லை. மூன்று வாரமாகப் போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். நேற்று தம்மாமுக்கு ட்ரெய்லர் ஓட்டுகிற நம்ம நுஃமான் கடைக்கு வந்து, "யேசண்ணன் போன் பண்ண வேணாம்னு சொல்லிட்டாரு காக்கா. எதா இருந்தாலும் எழுதி என் கையில குடுப்பீங்களாம்" என்கிறான். என்னடா இது, துப்பறியும் கதையா? ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து பார்சல் கட்டுகிற தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்தை நானே பார்த்துப் பத்து வருடம் இருக்கும். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. திட்டாமல் படி.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் 'தட்டு வந்தாச்சு' சேனலில் போன மாதம் போட்ட படத்தை ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒன்பது லட்சம்! அமெரிக்காக்காரன் எழுபது வருடத்துக்கு முன்னால் ஆறே நாளில் எடுத்துத் தூக்கிப்போட்ட படம். உரிமையைப் புதுப்பிக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தது. பறக்கும் தட்டு என்ற பெயரில் நூல் கட்டித் தொங்குவது ஒரு சட்டி மூடி. வேற்றுக்கிரகத்து ராட்சசனின் முதுகில் ஜிப் தெரிகிறது. கதாநாயகன் பாறைமேல் சாய்ந்தால் பாறை ஆடுகிறது. ஒரே ராணுவ வண்டி மூன்று தடவை அதே ரோட்டில் போகிறது. அதை இருபது நிமிடத்துக்கு வெட்டி, நான் வசனம் எழுத, நீ ஏசியை அணைத்துக் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு அத்தனை பேருக்கும் குரல் கொடுக்க, இன்றைக்கு வளைகுடா முழுக்கச் சிரிக்கிறது. ஏசி மெக்கானிக்கே ஏசியை அணைத்துவிட்டு ஆகஸ்ட் மாதத்தில் வெந்தாயே, அந்த வேர்வைக்குக் கிடைத்த மரியாதை இது.

எல்லாம் அந்த ஒரு வசனம்தான். பிடிபட்ட ஊர் ஜனங்கள், "எங்கள எப்ப விடுவீங்க?" என்று கேட்கிறார்கள். தட்டிலிருந்து இறங்கிய தலைவன் விரலை ஆகாயத்துக்கு நீட்டி, மூக்கால், "பேப்பர் மேலே போயிருக்கு. சபர் கரோ" என்கிறான், பொறுமையாக இரு என்று. பேப்பருக்குக் காத்திருக்காதவன் நம்மில் எவன் இருக்கிறான், சொல்லு! குவைத்திலிருந்து என் பெரியம்மா மகன் போன் பண்ணினான். அப்பாசியாவில் சலூனில் முடி வெட்ட உட்கார்ந்தால்கூட, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டவனுக்கு அதுதான் பதிலாம்.

அடுத்த படம் ஒன்று கிடைத்திருக்கிறது. இதில் தட்டுகூடக் கிடையாது, அதற்கும் அவர்களிடம் வசதியில்லை போல. வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவன் ஒரு சின்ன ஊரில் யாரோ ஒருத்தனின் உடம்புக்குள் புகுந்துவிடுகிறான். பார்க்க அதே ஆள். குரல் மட்டும் வராது. போலீஸ்காரர் ஊரையே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தனாகப் பேசச் சொல்கிறார். அந்த இடத்தோடு படம் நின்றுவிடுகிறது. கடைசிப் பத்து நிமிடம் பிரிண்டில் இல்லை! யார் மாட்டினான் என்று யாருக்கும் தெரியாது. முடிவை நாமே எழுதிக்கொள்ளலாம். உன் ரூம்மேட் பன்னீரின் அலறலுக்கு நாலு இடம் ஒதுக்கியிருக்கிறேன். பெண் குரலில் அப்படி அலற வேறு ஆம்பளை பிறக்கவில்லை.

என்ன ஆச்சு உனக்கு? என்மேல் கோபமென்றால் அதையாவது எழுது.

ராஜிக்


தம்மாம்
8-11-2024

ராஜிக்,

உனக்கு ஒன்பது லட்சம் பேர். எனக்கு அதில் ஒரே ஒரு ஆள் பார்த்ததுதான் பிரச்சினை. எங்கள் கேம்ப் மேனேஜர் ஷ்யாம் பார்த்துவிட்டான்.

அந்த மூக்குக் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். லீவு கேட்டுப் போனாலும், ரூம் மாற்றக் கேட்டுப் போனாலும், ஷ்யாம் விரலை ஃபேனைப் பார்த்து நீட்டி அதையேதான் சொல்வான். அவன் பேசுவதை நான் உனக்கு வாய்ஸ் மெசேஜில் பேசிக் காட்டினேன், நீ வசனத்தில் சேர்த்தாய். விளையாட்டாகத்தான் செய்தோம். ஆனால் எவனோ அதை மெஸ் டிவியில் போட்டுவிட்டான். அறுநூறு பேர் சோற்றுத் தட்டைத் தட்டிச் சிரித்தார்கள். மறுநாள் ஷ்யாம் வராந்தாவில் நடந்தால் பின்னாலிருந்து "பேப்பர்..." என்று ஒரு குரல். திரும்பினால் யாரும் இல்லை. ஒரு வாரம் இதுதான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருமா? கேம்ப்பில் எனக்கு வாயில்லாப் பூச்சி என்றுதான் பேர். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் வெளியே போன பிறகுதான் பதிவு பண்ணுவோம், அப்போது ரூமில் நானும் பன்னீர்செல்வமும் மட்டும்தான். ஆனால் பன்னீரின் அலறல் கேம்ப் முழுக்கத் தெரிந்த சமாச்சாரம். சைட்டில் சாப்பாட்டு வண்டி வந்தால் அவன் அப்படித்தான் அலறுவான். அந்த அலறலை வைத்து ஷ்யாம் அவனைப் பிடித்துவிட்டான்.

"கத்துனது நீ. அப்ப பேசுனதும் நீதானே?"

"கத்துனது நாந்தான் சார். பேசுனது யாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப யோசி. பேரு ஞாபகம் வந்ததும் வா. பேசுனவன்மேல கேஸ் போடப்போறேன், நெட்ல என்னைக் கேவலப்படுத்தினான்னு. அதுவரைக்கும் உன் லீவு பேப்பர் இந்த டிராயர்லதான் இருக்கும்."

இதைப் பன்னீர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "வுடுண்ணே. கோவம் ஆறிப்புடும். தை மாசத்துக்கு இன்னும் நாளு கெடக்கு."

தை இருபதாம் தேதி அவனுக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயசு. லீவு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டது. பெண் பேர் சந்தியா, அரியலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நிச்சயத்தன்று தட்டு மாற்றின போட்டோவை வைத்துக்கொண்டு, "எனக்கும் தட்டு வந்தாச்சுண்ணே" என்று நம் சேனல் பேரைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். கம்பெனி பேப்பர் கொடுக்காமல் அவன் ஏர்போர்ட் தாண்ட முடியாது. இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போனையெல்லாம் வாங்கி வாங்கிப் பார்க்கிறார்கள். அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்தேன். ராஜிக், எல்லாவற்றையும் அழித்துவிடு. சேனலை மட்டுமல்ல, என் குரல் தனியாக இருக்கிற ஒரிஜினல் பதிவுகளையும் அழி. நடுநடுவே நாம் பேசிச் சிரித்தது, நீ என் பேர் சொல்லிக் கூப்பிட்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்றுகூட மிச்சம் வைக்காதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

யேசுராஜ்


தேரா
17-11-2024

யேசு,

அழித்துவிட்டேன். முப்பத்தொரு படம். கடை அடைத்துவிட்டு மதியம் பூரா உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். உன் பதிவுகளையும்தான். அழிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கேட்டேன். செவ்வாய்க்கிரகத்து ராணி பேசுகிற இடத்தில் உனக்குத் தும்மல் வந்துவிட, பன்னீர், "ராணிக்கு சளிப்புடிச்சிருச்சு" என்கிறானே, அது. ஒரு மணி நேரம் அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? நம்ப வேண்டாம், பத்து நிமிடம்.

நாம் அழித்தாலும் ஊரெல்லாம் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அவனவன் போனில் இருக்கிறதை நான் போய் அழிக்க முடியுமா?

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பன்னீர் ஏன் உன் பேரைச் சொல்லவில்லை? சொன்னால் அவனுக்குப் பேப்பர் கிடைக்கும். ஊருக்குப் போவான், தாலி கட்டுவான். உன்னை உள்ளே தள்ளிவிட்டுப் போய்த் தாலி கட்ட அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அது அவன் குணம். நீ என்ன பண்ணப் போகிறாய்?

கோபப்படாதே மாப்ளே. ஏழு வருடத்துக்கு முன்னால் உன்னோடு ஒரே ரூமில் இருந்தவன் கேட்கிறேன். தை இருபது என்றால் பிப்ரவரி இரண்டு. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், எழுபத்தேழு நாள் இருக்கிறது.

ராஜிக்


தம்மாம்
1-12-2024

ராஜிக்,

எண்ணிப் பார்த்தானாம்! அங்கே மிளகு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து எண்ண உனக்கு என்ன நோவு?

வசனம் யார் எழுதியது? நீ. 'இந்த இடத்தில் அந்த ஷ்யாம் குரல் வேணும் மாப்ளே, வேற குரல் எடுபடாது' என்று மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பேச வைத்தது யார்? நீ. வேண்டாம் மக்கா, ஆள் தெரிந்துவிடும் என்று சொன்னேனா இல்லையா? இப்போது நான் மட்டும் போய் நிற்க வேண்டும். உன் பேர் அந்த டிராயர் பக்கமே வராது.

என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். சுபிஷா நர்சிங் இரண்டாம் வருசம். அவளுக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்? வேலையும் போகும், ஊருக்கும் போக முடியாது. தேவகனியிடம் போனில் மேலோட்டமாகச் சொன்னேன். "நீங்க ஒண்ணும் மிண்டாம இரியுங்க. அவருக்கு இந்தக் கல்யாணம் இல்லாட்டி வேற கல்யாணம் உண்டு. நம்ம பிள்ளைக்கு வேற அப்பா உண்டுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தானே. அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஆனால் நான் படுக்கிற கட்டிலுக்கு எதிர்க்கட்டில் பன்னீருடையது. அதுதான் கஷ்டம். சிவப்பு நிறத்தில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை துணியை அடுக்குகிறான், செவ்வாய்க்கிழமை எடுத்துப் பிரித்து மறுபடி அடுக்குகிறான். சந்தியா ஜெர்மன் கத்தரிக்கோல் கேட்டாளாம், தையலுக்கு. மூன்று வாரம் தேடி வாங்கி, துண்டில் சுற்றி நடுவில் வைத்திருக்கிறான். "கைப்பையில வச்சா ஏர்போர்ட்டுல புடுங்கிப்புடுவான்ல அண்ணே?" என்று என்னிடம் சந்தேகம் கேட்கிறான். நான் ஆமாம், பெரிய பெட்டியிலேயே வை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

எனக்கு எழுதுவதென்றால் இதைப் பற்றி எழுதாதே.

யேசுராஜ்


தேரா
12-12-2024

யேசு,

நீ திட்டினதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வசனம் என்னுடையதுதான். மூன்று தடவை பேச வைத்ததும் நான்தான். ஆசை மாப்ளே. இந்தக் கடையில் நான் ஒரு ஆளா? 'ராஜிக், பட்டை எடு. ராஜிக், ஷட்டரை இறக்கு.' அந்தச் சேனலில்தான் நான் ஆளாக இருந்தேன்.

போன வாரம் ஒன்று செய்தேன். உன் கம்பெனிக்கு ஒரு தாள் எழுதினேன். அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவன் நான், பன்னீர்செல்வத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் வெறுமனே அலறினார் என்று. உன் பேரை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டு, என் அக்கா வீட்டுக்காரர் மீராசா மச்சானிடம் காட்டினேன். கடை அவருடையது, என் விசாவும் அவர் லைசென்ஸில்தான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கம்ப்யூட்டரு யாருது?"

"கடையோடதுதான் மச்சான்."

"நெட்டு?"

"கடையோடது."

"அப்ப இத அனுப்புறதுக்கு முன்னால உன் விசாவ கேன்சல் பண்ணிக்கிட்டு அனுப்பு. இந்தக் கடையில ஏழு பேரு சோறு திங்கிறான். கலாஸ், அவ்வளவுதான்."

தாளைக் கிழித்துவிட்டேன். அவர் கிழிக்கவில்லை, நானேதான் கிழித்தேன். உனக்கு அறிவுரை சொன்னவனின் லட்சணம் இது. தெரிந்துகொள்.

அந்தக் குரல் வராத ஆள் படத்தை மறுபடி பார்த்தேன். முடிவு எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை.

ராஜிக்


தம்மாம்
3-1-2025

ராஜிக்,

கிறிஸ்துமஸுக்கு ரூமில் கேக் வெட்டினோம். வெட்டிய முதல் துண்டைப் பன்னீர்தான் என் வாயில் ஊட்டினான். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

நேற்று அவன் ஷ்யாமிடம் போய், காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறான். ஷ்யாம் என்ன சொன்னான் தெரியுமா? விரலை மேலே நீட்டி, "உன் பேப்பரா? மேலே போயிருக்கு" என்றானாம். நம் படத்தில் வருகிற மாதிரியே, வேண்டுமென்றே. ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பன்னீர் ரூமுக்கு வந்து சொன்னபோது அவனும் சிரித்தான். "அவன விட நீங்க நல்லாப் பண்ணுவீங்கண்ணே" என்றான். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

சந்தியாவின் அப்பா கெடு வைத்துவிட்டார். ஜனவரி இருபதுக்குள் டிக்கெட் போட்டோ வர வேண்டும். இல்லாவிட்டால் தட்டைத் திருப்பிவிடுவார்களாம். மூன்றாவது தடவையும் மாப்பிள்ளை வராமல் பந்தல் கட்ட அவர் தயாராக இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். தேவகனியிடம் சொல்லவில்லை. எனக்கு ஒன்று மட்டும் செய். நான்தான் பேசினேன் என்று வெறும் வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான், வாயில்லாப் பூச்சிதானே நான். என் ஒரிஜினல் பதிவு ஒன்றை, நீ என் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது ஒன்றை, மெமரி கார்டில் போட்டு நுஃமானிடம் கொடு. அவன் பத்தாம் தேதி இங்கே வருகிறான்.

யேசுராஜ்


தேரா
9-1-2025

யேசு மாப்ளே,

நீ கேட்டாய், நான் அழித்தேன். ஒன்றுகூட மிச்சம் வைக்காதே என்று கும்பிட்டது நீதானே.

மூன்று நாளாக அலைகிறேன். நாயிஃபில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிற பாகிஸ்தானி ஒருத்தன் அழித்ததையும் மீட்டுக் கொடுப்பான் என்றார்கள். அவன் ஹார்ட் டிஸ்கை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, "பாய், கல்லிவல்லி. குச் நஹி பச்சா", ஒன்றும் மிஞ்சவில்லை என்று கையில் கொடுத்துவிட்டான். உன் வாய்ஸ் மெசேஜ்களையும் அன்றைக்கே துடைத்து எடுத்துவிட்டேன். அழிப்பதில் மட்டும் நான் இவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் கேள். எதற்கு மாப்ளே பதிவு? தொண்டை உன்னிடம் இருக்கிறதே. அவன் முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, ஒரே ஒரு தடவை பேசிக் காட்டு. அதற்கு மேல் அவனுக்குச் சாட்சி வேண்டாம். அவன் அம்மாவே ஏமாந்துபோகிற குரல் அது.

நீ போகிறேன் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை. கேஸ் என்று வந்தால் என் பேரையும் சொல்லிவிடு. மீராசா மச்சான் என்ன செய்தாலும் செய்யட்டும். இந்தத் தடவை கிழிக்கமாட்டேன்.

ராஜிக்


தேரா
28-1-2025

யேசு,

நுஃமான் வெறுங்கையோடு வந்தான். நீ ஒன்றும் கொடுக்கவில்லை, சரியாகப் பேசவும் இல்லை என்றான். உள்ளே இல்லை, வெளியேதான் இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தது. போனாயா? பன்னீர் ஊருக்குப் போய்விட்டானா? இரண்டு வரியாவது எழுது. போலீஸ் வரும் என்று நான் இங்கே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே, நிஜம்.

ராஜிக்


தம்மாம்
9-2-2025

ராஜிக்,

சட்டையை எடுத்து மாட்டிக்கொள், யாரும் வரமாட்டார்கள்.

நான் போனேன். தை ஒன்றாம் தேதி, பொங்கலன்று. கதவைத் தட்டி உள்ளே போய், "சார், அந்தப் படத்துல பேசினது நானாக்கும்" என்றேன். ஷ்யாம் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினான். நான் உட்காரவில்லை.

"நீயா? சரி, பேசு, கேட்போம்" என்று கையைக் கட்டிக்கொண்டான்.

பக்கத்தில் இரண்டு கிளார்க்குகள் நின்றார்கள். நான் விரலை நீட்டினேன். வாயைத் திறந்தேன். ராஜிக், குரல் வரவில்லை. "பேப்பர்" என்று ஒரு சத்தம் வந்தது, அது என் சொந்தக் குரல். கரகரவென்று, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. தண்ணீர் கேட்டேன். கொடுத்தான். குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூக்கில் ஏற்றவே முடியவில்லை. உன் படத்தில் போலீஸ்காரர் ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்திப் பேசச் சொல்கிறாரே, அது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் இருந்த சத்தமும் போய்விட்டது.

ஷ்யாம் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். "ரூம்மேட்டுக்காக வந்திருக்கே. நல்ல மனசு யேசுராஜ் உனக்கு. ஆனா பொய் சொல்லக்கூடாது. போ, வேலையப் பாரு" என்றான். டீ வரவழைத்துக் கொடுத்தான். நான் அந்த டீயைக் குடித்தேன். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போயிருக்கலாம். அதற்கு மறுநாளும் போயிருக்கலாம். தொண்டை சரியாகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். இருபதாம் தேதி வந்தது, போனது.

சந்தியாவின் அப்பா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், நிச்சயப் புடவையைத் தட்டோடு பன்னீர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அவள் கடைசியாக ஒரு தடவை பேசியிருக்கிறாள். அவன் அதைப் பற்றிச் சொல்லவில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவன் டியூட்டிக்குப் போனான். முகூர்த்த நேரத்தில் மூன்றாவது மாடியில் பைப் மாட்டிக்கொண்டிருந்தான். நான் கீழே இருந்து பார்த்தேன். நாலாம் தேதி ஷ்யாம் அவன் பேப்பரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். இப்போது அவன் எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போகலாம். போகவில்லை. எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறான்.

அவனுக்கு என்மேல் ஒரு துளி வருத்தம் இல்லை, முந்தாநாள் வரை. நான் ஆபீஸுக்குப் போனது கேம்ப்புக்கே தெரிந்துவிட்டது. "எனக்காவ கேஸத் தலையில போட்டுக்கப் போனீங்களேண்ணே, எந்த மனுசன் செய்வான்? குரல் வராததுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. மதியம் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். பன்னீர் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த கத்தரிக்கோலை எடுத்து என் கட்டிலில் வைத்தான். "சுபிஷாவுக்குக் குடுத்துருங்கண்ணே. நர்சம்மாவுக்கு ஆவும்" என்றான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அப்புறம் அவனே எழுந்து ஏசியை அணைத்தான். நாம் பதிவு பண்ணும்போது செய்வது மாதிரி.

"ஒரு தடவ சொல்லுங்கண்ணே. சும்மா, சிரிக்கலாம்னுதான். நான் சிரிச்சு எம்மாம் நாளாச்சு."

நான் விரலை மேலே நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வராது என்றுதான் நினைத்தேன். அவனுக்காகவாவது ஏதோ உளறுவோம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பேப்பர் மேலே போயிருக்கு. சபர் கரோ."

வந்துவிட்டது ராஜிக். மூக்கு, இழுப்பு, அந்த 'ரோ'வில் வருகிற சலிப்பு, ஒரு புள்ளி பிசகாமல் வந்துவிட்டது. ஷ்யாமே ரூமில் நிற்கிற மாதிரி இருந்தது. பன்னீர் சிரித்தான். சிரிக்க ஆரம்பித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு இது எங்கண்ணே போயிருந்துச்சு?"

அன்றைக்கு வரவில்லையா, நான் வரவிடவில்லையா? இரண்டு நாளாகக் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கே தெரியவில்லை என்று சொன்னால் நீகூட நம்பமாட்டாய்.

அவன் போய் ஏசியைப் போட்டான். என் கட்டிலுக்கு வந்து, கத்தரிக்கோலை எடுத்து, மறுபடி துண்டில் சுற்றி, தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

யேசுராஜ்